மெல்லுவதை யார் பார்ப்பார்கள்

டேனெட் வெட்டுகிறவள். கசாப்புக் கடையில் இல்லை, கம்ப்யூட்டரில். தங்கை கெரிலினும் அவள் புருஷன் ஹைரமும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டையெல்லாம் படம் பிடித்துக் கீழே அனுப்புவார்கள். அடித்தள அறையில் உட்கார்ந்து டேனெட் அதில் வேண்டாததை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, பாட்டுப் போட்டு மேலே அனுப்புவாள். 'சத்தமான சாப்பாட்டு மேசை' என்று சேனலுக்குப் பெயர். யூட்டா மாநிலத்தில் தெருவுக்கு ஒரு குடும்பம் இப்படிக் கேமராவை வைத்துப் பிழைக்கிறது. எங்கள் சாண்டாக்வின் ஊரைப் பொறுத்தவரை இவர்கள்தான் பெரிய புள்ளிகள்.

வேலைக்கு வந்த முதல் நாளே கெரிலின் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள்.

"கடிக்கிறாங்களா, அங்க வெட்டு. அப்புறம் நேரா சிரிப்புக்குப் போயிடு. நடுவுல மெல்லுறது, முழுங்குறது ஒண்ணும் வேணாம் டேனி. வாய் அசைபோடுறத எவன் பாப்பான்?"

கடி, வெட்டு, சிரிப்பு. டேனெட்டுக்கு இது சீக்கிரமே கைவந்துவிட்டது. கடித்த வாய் மூடுகிற இடத்தில் விரல் தானாகப் பொத்தானைத் தட்டும். கண் அதற்கு மேல் பார்க்கவே பார்க்காது. இத்தனை வருஷமாக உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தில் ஒருத்தர்கூட எதையும் விழுங்கியது கிடையாது. யாருக்கும் அது உறைத்ததும் கிடையாது.

அதற்கு முன்னால் டேனெட் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் தங்கள் கல்யாணத்தில் எப்படி அழுதார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொந்தக் கல்யாணம்தான் நிற்கவில்லை. பிள்ளை இல்லை என்று ஆரம்பித்த சண்டை, அந்த மனுஷன் வேறொருத்தியோடு ஐடஹோவுக்குக் குடிபோனதில் முடிந்தது. அப்போது கெரிலின்தான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அழுதது போதும், சாமானை ஏத்து" என்று கூட்டிவந்து தன் வீட்டு அடித்தளத்தில் குடிவைத்தாள். டேனெட் அதை மறக்கிறவள் இல்லை. தங்கையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகம் சிவந்துவிடும்.

அவளுடைய அறைக்குப் பக்கத்திலேயே சேமிப்பு அறை. எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் ஒரு வருஷத்துக்குக் காணும்படி அடித்தளத்தில் சாப்பாட்டை அடுக்கி வைப்பார்கள். கோதுமை வாளிகள், பீச் பழப் புட்டிகள், பால் பவுடர் டப்பாக்கள் என்று கூரைவரை இருந்தது. என்ன பஞ்சம் வந்தாலும் அந்த வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி கிடக்காது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவள் டெஸ்லின், பதின்மூன்று முடிந்தவள். சின்னவன் கோல்பி, இப்போதுதான் எட்டு. டெஸ்லின் பிறந்த அன்று நர்ஸ் கையிலிருந்து முதலில் வாங்கியது டேனெட்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராகக் கீழே இறங்கி வந்து சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டே ஊர்வம்பு பேசும். டேனெட் வெட்டிக்கொண்டே கேட்பாள். அவளுடைய நாளில் நல்ல நேரம் அதுதான்.

மேலே சாப்பாட்டு மேசைக்கடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சட்டி உண்டு. வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. டோனட் ருசி பார்க்கிற படம் ஒன்று எடுத்தபோது, வெளிச்சம் சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று திரும்பத் திரும்பக் கடிக்கச் சொல்லி, கோல்பி சோபா முழுக்க வாந்தியெடுத்துவிட்டான். "இதையும் வெச்சுக்கலாம், சிரிப்பாங்க" என்றான் ஹைரம். டேனெட்டுக்கு வந்ததே கோபம்.

"புள்ள வயிறா, குப்பைத் தொட்டியா? வெக்கமா இல்ல உங்க ரெண்டு பேருக்கும்?" என்று சத்தம்போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து அந்தச் சட்டியைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தாள். "கடிச்சதும் இதுல துப்பிடுங்க செல்லங்களா. உடம்புக்கு நல்லது" என்றாள். கோல்பி அதற்குத் துப்புச்சட்டி என்று பெயர் வைத்தான். பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு டேனெட் கீழே இறங்கிப் போனாள். அன்றைக்கு அதை யார் தப்பென்று சொல்லியிருப்பார்கள்?

கெரிலினை ராட்சசி என்று நினைத்துவிடக் கூடாது. சின்ன வயதில் குண்டாக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைப் 'பன்னு' என்று கூப்பிட்டது இன்னும் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. படத்துக்காக அடுக்கடுக்காக அப்பம் சுட்டு வைப்பாள். கேமரா நின்றதும் ஒரு பச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டு அந்த அப்பங்களை மோந்து பார்ப்பாள். ஒரு துண்டு கேக் தின்றுவிட்டால் ஓட்ட மிஷினில் ஏறி, "பாவத்தைக் கழுவறேன்" என்று கேமராவைப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பாட்டை நல்லது, கெட்டது என்று பிரித்து வைத்திருந்தாள். "இது நல்ல சாப்பாடா, கெட்ட சாப்பாடாம்மா?" என்று கோல்பி தட்டுக்குத் தட்டு கேட்பான். அந்த வாரம் எந்தக் கம்பெனி விளம்பரத்துக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறதோ அதைப் பொறுத்து இருக்கும் பதில்.

டெஸ்லின் உடம்பு திரள ஆரம்பித்ததும் பார்க்கிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பெரிய பெண் அம்மா மாதிரி இல்லையே, நன்றாகச் சதை போட்டுக்கொண்டு வருகிறாளே என்று முன்பின் தெரியாத ஜனம் கூசாமல் எழுதியது. கெரிலின் ஒவ்வொன்றாக அழிப்பாள். அழிப்பதற்குள் டெஸ்லின் படித்துவிடுவாள். பிறகு தாயும் மகளும் ஒரு மாதம் சர்க்கரை தொடாமல் இருப்பதாக ஒரு தொடர் எடுத்தார்கள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஒருநாள் டெஸ்லின் கீழே வந்து, தாடைக்கடியில் விரலை வைத்துக் கேட்டாள். "பெரியம்மா, இந்த எடம் தெரியாம வெட்ட முடியுமா?"

"ஏன் கண்ணு, அழகாத்தானே இருக்கு?"

"ப்ளீஸ் பெரியம்மா."

டேனெட்டால் அந்தப் பிள்ளை கேட்டதை மறுக்க முடியாது. வெட்டினாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் நோன்பு. இரண்டு வேளை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. எட்டு வயதில் ஞானஸ்நானம் ஆனபின் பிள்ளைகளும் நோன்பிருப்பார்கள். பாதியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாட்டிக்கொள்ளாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. டெஸ்லின் மட்டும் வேறு மாதிரி ஆனாள். எல்லா ஞாயிறும் நோன்பிருக்க ஆரம்பித்தாள். பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. எதிர்வீட்டில் இருக்கிற சபைச் சகோதரி டாக்ஸ்டடருக்கு முட்டியில் ஆபரேஷன், அது நல்லபடியாக முடிய வேண்டி என்றாள்.

கெரிலினுக்குப் பெருமை பிடிபடவில்லை. சபையில் எழுந்து நின்று, "என் மக எனக்குக் குரு" என்று விம்மினாள். அதை வீடியோவாகவும் போட்டாள். அதன்பின் பிள்ளையைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் அவளைச் சுற்றிப் பெரியவர்கள் நிற்பார்கள். "எங்க பையனுக்கு வேல கெடைக்கணும், ஒரு நாள் நோன்பு இருப்பியா கண்ணு?" என்பார் ஒருத்தர். "மருமக பிரசவத்துக்கு" என்பாள் இன்னொருத்தி. வளர்கிற பிள்ளையிடம் போய்ச் சாப்பிடாமல் இரு என்று ஊரே கேட்டுக்கொண்டது. எல்லோரும் பக்தியாகத்தான் கேட்டார்கள்.

டேனெட்டும் அதில் சேர்த்திதான். அவள் மார்பில் ஒரு கட்டி வந்து, டாக்டர் ஊசிபோட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். டெஸ்லின் கீழே வந்து, "பெரியம்மா, முடிவு வர்ற வரைக்கும் உங்களுக்காக நோன்பு இருக்கேன்" என்றாள். வேண்டாம் என்று டேனெட் சொல்லவில்லை. சாதாரணக் கட்டி என்று தெரிந்ததும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கைக்குள் தோள் எலும்பு குத்தியது. வளர்கிற வயது, உயரமாகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் ஓட்ஸ் பார் கம்பெனி ஒன்று ஒரு நிபந்தனையோடு வந்தது. குழந்தை அதை முழுசாகத் தின்பதை நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும். எடுத்தார்கள். முதல் தடவை டெஸ்லின் பாதியில் கீழே போட்டுவிட்டாள். அடுத்த தடவை பாத்ரூம் போக வேண்டும் என்றாள். அதற்கடுத்து வயிற்றுவலி.

"விடு, பழைய படத்துல எங்கயாவது அவ நல்லா சாப்பிடுற துண்டு இருக்கும். அதப் பாத்து எடு டேனி. சட்டை கலர சரிபண்ணிக்கலாம்" என்றாள் கெரிலின்.

டேனெட் தேட உட்கார்ந்தாள். வெட்டி எறிந்தவை எல்லாம் அழியாமல் கிடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலை நேரம், முதல் தடவையாக, கடித்த வாய் மூடுகிற இடத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். டெஸ்லின் கடித்தாள், சிரித்தாள், தலையைக் குனிந்து சட்டியில் துப்பினாள். நன்றியறிதல் நாள் வான்கோழி, துப்பினாள். தன் பிறந்தநாள் கேக், துப்பினாள். ஏரிக்கரைப் பயணத்தில் சட்டி இல்லை. காகிதக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள், கைக்குட்டை உருண்டையாகிப் பையில் போனது. டேனெட் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை. படத்துக்குப் படம் சட்டை தொளதொளத்தது. சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டு குச்சியாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், செர்ரிப் பழத் தோட்டத்தில் எடுத்தது. படம் ஓடுவது தெரியாமல் டெஸ்லின் மரத்தடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாள். கொட்டையைத்தான் துப்புகிறாள். தாடையெல்லாம் சாறு. தம்பியோடு யார் தூரம் துப்புவது என்று போட்டி. அசிங்கமாக இருக்கிறது என்று கெரிலின் அதை வேண்டாமென்றதும், டேனெட் மொத்தமாக வெட்டி எறிந்ததும் ஞாபகம் வந்தது.  எழுந்து பக்கத்து அறைக்குப் போய், கூரைவரை அடுக்கிய சாப்பாட்டுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள். அந்தச் சட்டியைக் கொண்டுவந்து வைத்த கை அவளுடைய கை.

மேலே போனபோது கெரிலின் கோழிக்கு மினுமினுப்பு வர எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கெரி, டெஸ் சாப்பிடறதே இல்லடி. எதையுமே."

"நோன்பு இருக்கா. ஒனக்குத் தெரியாதா?"

"நோன்பு இல்ல. வேற என்னமோ. நீ வந்து படத்தப் பாரு."

"டேனி, அவளாட்டம் ஒரு பொண்ணு இந்த ஜில்லாவுல இருக்கா? எல்லாரும் கையெடுத்துக் கும்பிடாத கொறதான். நீ போய் வியாதிங்கற." கெரிலின் மறுபடி கோழிப் பக்கம் திரும்பினாள். "பெத்து வளத்திருந்தா ஒனக்கும் தெரிஞ்சிருக்கும்."

சொன்ன மறுநொடி அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். டேனெட் படி இறங்கினாள். இந்த வீடு போனால் போக வேறு இடமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து ஒரு படம் தயார் பண்ணினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பமாக உட்காருவது எங்கள் வழக்கம். ஒரு ஜெபம், ஒரு பாட்டு, ஏதாவது தின்பண்டம். அந்த வீட்டில் கூடவே அந்த வார வீடியோவையும் பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பார்கள். டேனெட் தன் படத்தைப் போட்டாள். பாட்டு இல்லை. இத்தனை நாள் எறிந்த துண்டுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக.

"ஏய், துப்புச்சட்டி!" என்று கோல்பி கைதட்டிச் சிரித்தான். ஹைரமும் சிரித்தான். பிறகு திரையில் கோல்பி வரவில்லை, டெஸ்லின் மட்டும் வந்துகொண்டிருந்தாள். கடித்தாள், துப்பினாள். கடித்தாள், துப்பினாள். கோல்பியின் சிரிப்பு நின்றது. சோபா மூலையில் டெஸ்லின் குஷனால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் செர்ரி மரத்தடி வந்தது. வாயெல்லாம் சாறோடு ஒரு கொழுகொழு பெண் சிரித்தாள். அது யார் என்று கேட்கத் தோன்றியது.

கெரிலின் எழுந்து போய் அந்த மஞ்சள் சட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன பண்ணிட்டோம் டேனி, என்ன பண்ணிட்டோம்" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கெரிலின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அழுகை வந்தால் போனைத் தேடுவது அவள் கைக்குப் பழகிப்போனது. எடுத்தாள். "என் மகளுக்காகப் பிரார்த்தனை பண்ணுங்க" என்று கதறியதை அப்படியே போட்டுவிட்டாள்.

சபை பதறிப்போனது. பிஷப் அன்று சாயங்காலமே எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். வருகிற ஞாயிறு டெஸ்லினுக்காக ஊர் முழுக்கச் சிறப்பு நோன்பு. வீடியோ பார்த்து எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நாங்களும் இருக்கிறோம் என்று எழுதினார்கள். சாப்பிடாமல் போய்ப் படுத்திருக்கிற பிள்ளையைக் காப்பாற்ற, எல்லோரும் சாப்பிடாமல் இருப்பது என்று முடிவு. அத்தனை பேரும் தங்கமான மனசுக்காரர்கள். யாரையும் திட்ட முடியாது. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

அந்த ஞாயிறு ஆஸ்பத்திரியில் இருந்தது டேனெட். சாப்பாடு வந்தால் முடிகிறவரை யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். மத்தியானத் தட்டு வந்தது. சூப், ஒரு பன், கிண்ணத்தில் பீச் பழத் துண்டுகள். டெஸ்லின் தொடவில்லை.

"பெரியம்மா, இன்னிக்கு எல்லாரும் எனக்காக நோன்பா?"

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று டேனெட் கேட்கவில்லை. "ஆமா."

"கோல்பி கூடவா?"

"ம்."

"நீங்க?"

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

டெஸ்லின் தட்டைத் தள்ளினாள். "அப்ப நான் மட்டும் எப்படிப் பெரியம்மா தின்றது? எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்க, நான் மட்டும் தின்னுக்கிட்டு இருக்கணுமா?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு டேனெட் விட்டதில்லை. புருஷன் போன மாதம்கூட விட்டதில்லை.  இப்போது அந்தத் தட்டிலிருந்த பன்னைப் பாதியாகப் பிய்த்துக் கடித்தாள்.

"பெரியம்மா! என்ன பண்றீங்க? இன்னிக்கு நோன்பு!"

"முறிச்சுட்டேன்."

"கடவுளுக்குக் கோவம் வராதா?"

"வரட்டும். நான் பேசிக்கறேன்." காய்ந்த வாயில் பன் பஞ்சாக அடைத்தது. டேனெட் மென்றாள். கன்னம் உப்ப, தாடை கோண, மாடு மாதிரி மென்றாள். கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள். "பாரு. ஒண்ணும் இல்ல."

டெஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, அசிங்கமா இருக்கு."

"அசிங்கந்தான். எல்லாரும் இப்படித்தான் தின்றாங்க. நான்தான் யார் கண்ணுலயும் படாம வெட்டிட்டேன்."

வெகுநேரம் கழித்து டெஸ்லின் முள்கரண்டியால் ஒரு பீச் துண்டை எடுத்தாள். நுனியைக் கடித்தாள். வாயை மூடினாள். அங்கே நின்றுவிட்டாள்.

அந்தப் பார்வை டேனெட்டுக்குத் தெரியும். கடித்தாகிவிட்டது, வெட்டியாச்சா, துப்பலாமா என்று கேட்கிற பார்வை. பிள்ளையின் இடது கை போர்வைக்கடியில் சட்டியைத் தேடுகிற மாதிரி நகர்ந்தது. டேனெட்டின் விரலும் முழங்கால்மேல் தன்பாட்டில் ஒரு தட்டுத் தட்டியது. வெடுக்கென்று அந்தக் கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நான் வெட்டல கண்ணு" என்றாள். "பாத்துக்கிட்டே இருக்கேன். நீ மெல்லு."

டெஸ்லினின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடைக்கடியில், அவள் மறைக்கச் சொன்ன இடத்தில், வந்து நின்றது. தாடை ஒரு தரம் அசைந்தது. பிறகு நின்றது. டேனெட் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.